ஒரு மாதச் சிட்டை, ஐந்து வருடத் தவணை

கொழும்பில் மாதச் சம்பளம் பெறும் ஒருவர் வங்கியிடமோ நிதிக் கம்பனியிடமோ தனிநபர் கடன் கேட்கும்போது, கடைசி மூன்று மாதச் சம்பளச் சிட்டைகளும், அவர் நிரந்தர ஊழியர் என்பதை உறுதிப்படுத்தும் தொழில்தருநரின் கடிதமும், சம்பளம் வந்து விழும் கணக்கின் வங்கிக் கூற்றும் கேட்கப்படுகின்றன. கடன் சற்றுப் பெரிதானால் இரண்டு பிணையாளிகளின் இதே ஆவணங்களும் சேர்கின்றன. இவற்றைக் கொண்டு கணிக்கப்படும் கடன் ஐந்து வருடமோ ஏழு வருடமோ ஓடக்கூடியது. ஆனால் அந்தக் கணிப்பின் அடிப்படையாக இருக்கும் வேலை அவ்வளவு காலம் நீடிக்கும் என்பதற்கு அந்த ஆவணங்களில் எதுவும் உத்தரவாதம் தருவதில்லை. வேலை மாறும்போது கடன் ஒப்பந்தம் மாறுவதில்லை; அதைத் தாங்கி நின்ற ஏற்பாடுகள் மட்டும் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடுகின்றன. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் வாழும் நடுத்தரக் குடும்பங்களின் கடன்கள் பல புதுக்கடை நீதிமன்ற வளாகம்வரை வருவதற்கு ஊதாரித்தனமே காரணம் என்று உறவினர் வட்டம் சொல்வதுண்டு. வழக்கேடுகளை வாசிப்பவர்களுக்குத் தெரிவது வேறு: வருமானம் நின்றுபோன சில மாதங்களுக்கும், வருமானம் திரும்பியும் நம்பிக்கை திரும்பாத அடுத்த சில மாதங்களுக்கும் இடையிலேதான் பெரும்பாலான கடன்கள் கைமீறிப் போகின்றன.

இந்த ஏற்பாடு எந்தக் காலத்து மனிதரை மனத்தில் வைத்து உருவானது என்பதை அறியச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். பிரித்தானியர் ஆட்சியில் கொழும்பின் வெளிநாட்டு வங்கிகள் உள்ளூர் வணிகர்களுக்கு நேரடியாகக் கடன் கொடுக்கத் தயங்கின. அவ்விடத்தைச் செட்டியார் தெருவின் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் நிரப்பினர். அவர்கள் வங்கிகளிடம் பெற்ற பணத்தைத் தம் சொந்த முதலோடு சேர்த்து, கடனாளியின் வியாபாரத்தையும் குடும்பத்தையும் நேரில் அறிந்து, கூடுதல் வட்டிக்குக் கொடுத்தனர். அரசாங்க எழுதுவினைஞர்களும் சிறு சம்பளக்காரரும் நாடியவர்கள் வேறு வகையினர்: சம்பள நாளன்று காரியாலய வாசலிலேயே காத்து நிற்கும் ஆப்கானிய வட்டிக்காரர்கள். சம்பளக்காரரின் கடன் எவ்வளவு பெரிய தொல்லையாகியிருந்தது என்பதற்கு 1899ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க அரசாங்க ஊழியர் பொறுப்புகள் கட்டளைச்சட்டமே சான்று. குறைந்த சம்பளம் பெறும் அரசாங்க ஊழியர்மீது கடன் பணத்துக்காகவோ வாக்குறுதிச் சீட்டுக்காகவோ பிணை நின்றதற்காகவோ வழக்குத் தொடுப்பதை அச்சட்டம் தடுத்தது. கடனிலிருந்து காப்பாற்றும் நோக்கில் வந்த அத்தகைய சட்டம், முறையாகக் கடன் கொடுப்போரைச் சிறு எழுதுவினைஞனிடமிருந்து விலகி நிற்கச் செய்து, நீதிமன்றத்தை நம்பாமல் வாசலில் நின்றே வசூலிப்பவரிடம் அவனை மேலும் தள்ளக்கூடியது என்பதும் கவனிக்கத்தக்கது.

1920களின் நடுப்பகுதியில் சில செட்டியார் நிறுவனங்கள் முறிந்ததும், வங்கிகள் அவர்களுக்கு அளித்துவந்த கடன்வசதியைச் சுருக்கிக்கொண்டன. அதையடுத்து உலகப் பொருளாதார மந்தம் வந்தது. இலங்கையில் கடன் கிடைக்கும் வழிகளை ஆராய 1934இல் சேர் சொராப்ஜி பொச்கானாவாலாவின் தலைமையில் வங்கி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரையின் தொடர்ச்சியாக 1939இல் இலங்கை வங்கி நிறுவப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் அரச வங்கிகளின் கிளைகள் பரவியபோது, நம்பத்தக்க கடனாளி என்று அவை கண்டுகொண்டவர் ஓய்வூதியம் வரை ஒரே திணைக்களத்தில் இருக்கப்போகும் அரசாங்க உத்தியோகத்தரே. சம்பளத்திலிருந்து தவணையைக் கழித்து நேரே வங்கிக்கு அனுப்பும் முறை, சக ஊழியர் இருவரின் பிணை, திணைக்களத் தலைவரின் கடிதம் ஆகிய மூன்றும் அவருடைய வாழ்க்கைக்கு அளவெடுத்துத் தைக்கப்பட்ட சட்டைகள். இன்று அதே சட்டை, மூன்று வருடத்துக்கு ஒரு முறை கம்பனி மாறும் மென்பொருள் பொறியியலாளருக்கும், ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்யும் ஹோட்டல் ஊழியருக்கும், தரகுப் பணத்தில் வாழும் காப்புறுதி முகவருக்கும் அணிவிக்கப்படுகிறது.

வேலை விலகலின்போது நடப்பதைக் காலவரிசையில் பார்த்தால் சிக்கலின் அளவு புலப்படும். மார்ச் இறுதியில் ஒரு வேலையை விட்டவருக்கு ஜூலை முதலாம் திகதி புதிய வேலை கிடைத்தால், கையில் காசு வராத காலம் மூன்று மாதமே. ஆனால் புதிய இடத்தில் தகுதிகாண் காலம், அதாவது நிரந்தர நியமனத்துக்கு முந்திய பரீட்சார்த்தக் காலம், ஆறு மாதமாக இருப்பது சாதாரணம். அது முடியும்வரை பல வங்கிகள் அவரை வருமானம் உறுதியான ஒருவராகக் கொள்வதில்லை. எனவே கடனை ஒன்றிணைக்கவோ குறைந்த வட்டியில் மாற்றி எடுக்கவோ அவருக்கு வழியில்லாத காலம் ஒன்பது மாதம். இதற்கிடையில் 90 நாள் தவணை தவறினால் அக்கடன் செயற்படாக் கடன், அதாவது வங்கி வருமானம் எதிர்பார்க்க முடியாத கடன், என்ற வகைக்குள் போய்விடுகிறது. மூன்று மாத வேலையின்மையும் 90 நாள் எல்லையும் ஏறத்தாழ ஒரே நீளமாக இருப்பது தற்செயலே. அதன் விளைவு மட்டும் தற்செயலாக வந்து போவதில்லை.

1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம், பேச்சு வழக்கில் 'கிறிப்', ஒவ்வொருவரின் கடன்களையும் தவணை தவறல்களையும் அவர் நின்ற பிணைகளையும் பதிந்து வைத்திருக்கிறது. தென்னாசியாவில் இவ்வகையில் முதலில் அமைந்தது இதுவே. 'கிறிப்பில் பெயர் விழுந்துவிட்டது' என்று சொல்பவர்கள் அதை ஒரு கரும்பட்டியலாக எண்ணுகின்றனர். உண்மையில் ஒழுங்காகக் கட்டியவரின் பெயரும் அங்கேதான் இருக்கிறது. பணியகம் கடன் கொடுக்கலாம் என்றோ கூடாது என்றோ முடிவு செய்வதில்லை. தன்னைப் பற்றிய அறிக்கையைக் கடனாளி தானே பெற்றுப் பார்க்கலாம். ஏற்கெனவே தீர்த்த கடன் நிலுவையாகக் காட்டப்பட்டிருந்தால் அதைத் திருத்தும்படி கடன் கொடுத்த நிறுவனத்தைக் கேட்கவும் வழியுண்டு. வேலை மாற நினைப்பவர் ராஜினாமாக் கடிதம் எழுதுமுன் இதைப் பார்த்துவிடுவது, பிறகு பார்ப்பதைவிட மிகவும் பயன் தரும்.

2022ஆம் ஆண்டு இந்தச் சிக்கலைக் குடும்பங்களின் அடுக்களைவரை கொண்டுவந்தது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. நான்கு நாள் கழித்து, வெளிநாட்டுக் கடனை மீளச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. வங்கிகள் தம் சிறந்த வாடிக்கையாளருக்கு விதிக்கும் வட்டியின் சராசரியான முதன்மைக் கடன்வழங்கல் வீதம், 2021 இறுதியில் 9 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தது. 2022 இறுதியில் 25 சதவீதத்தைத் தாண்டியது. வீட்டுக் கடன்கள் பல இந்த வீதத்தோடு பிணைக்கப்பட்டவை. வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு வாங்க 80 இலட்சம் ரூபாய் பெற்றவருக்கு 11 சதவீதத்தில் மாத வட்டி மட்டும் ஏறத்தாழ 73,000 ரூபாய். 25 சதவீதத்தில் அது 1,66,000 ரூபாயையும் தாண்டும். அவ்வளவையும் கட்ட முடியாதவர்களுக்குத் தவணைக் காலம் நீட்டப்பட்டது; அதனால் அறுபது வயதைத் தாண்டியும் ஓடும் கடன்கள் உருவாயின.

வேலை மாறாதவருக்கும் அவ்வாண்டுகளில் வருமானம் மாறியது. மாதம் 2,50,000 ரூபாய் சம்பளம் பெற்றவர் 2022 வரை வருமான வரி செலுத்த வேண்டியிருக்கவில்லை. 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி அவருடைய சம்பளத்திலிருந்து மாதம் 21,000 ரூபாய் கழிந்தது. அதற்கு முந்திய ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், அடுத்த பெப்ரவரியில் 66 சதவீதமும் மின்கட்டணம் கூடியது. அரசாங்க ஊழியர் ஐந்தாண்டுவரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு சென்று வேலை செய்ய 2022 ஜூனில் ஒரு சுற்றறிக்கை வழிவகுத்தது. அந்த ஒரே வருடத்தில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக நாட்டை விட்டுச் சென்றதாக வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவுகள் காட்டுகின்றன. அவர்களுள் பலருடைய கடன்கள் இங்கேயே இருந்தன. அவற்றுக்குக் கையெழுத்து வைத்தவர்களும் இங்கேயே இருந்தனர்.

பிணை என்பது இவ்விடயத்தில் மிகவும் குறைவாகப் புரிந்துகொள்ளப்பட்ட பகுதி. இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோம-டச்சுச் சட்டம் பிணையாளிக்கு இரண்டு முக்கிய பாதுகாப்புகளைத் தருகிறது: முதலில் கடனாளியின் சொத்தைத் தேடித் தீர்த்த பின்னரே தன்னிடம் வரவேண்டும் என்று கோரும் உரிமை ஒன்று, பிணையாளிகள் பலராயின் தன் பங்குக்கு மட்டுமே பொறுப்பு என்று கோரும் உரிமை மற்றொன்று. வங்கிகளின் அச்சிட்ட பிணைமுறியில் இவ்விரு உரிமைகளையும் பிணையாளி துறக்கிறார் என்ற வாசகம் வழமையாக இருக்கும். அதன் பொருள், வங்கி விரும்பினால் கடனாளியை விட்டுவிட்டு முழுத் தொகைக்கும் பிணையாளிமீது மட்டுமே வழக்குத் தொடரலாம் என்பது. தேநீர் நேரத்தில் மேசைக்கு மேசை சென்று வாங்கப்படும் கையெழுத்து இவ்வளவு கனமானது. இன்னொரு குறைபாடு இதைவிட நுட்பமானது. பிணையாளிகள் பெரும்பாலும் அதே காரியாலயத்துச் சக ஊழியர்கள். நிறுவனம் ஆட்குறைப்புச் செய்யும்போது கடனாளியும் அவருக்குப் பிணை நின்ற இருவரும் ஒரே மாதத்தில் வேலை இழக்கக்கூடும். ஆபத்தைப் பங்கிட வேண்டிய பிணை, ஒரே கூரை இடிந்தால் மூவரையும் சேர்த்தே அமுக்கும் இடத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது. வங்கிகளுக்கு இது தெரியாததல்ல. கடனாளிக்குச் சமூக நெருக்கடி தருவதற்கே பிணையாளி பயன்படுகிறார், பணத்தை ஈடுசெய்வதற்கு அவ்வளவாக அல்ல என்பதே இங்கே கொள்ளத்தக்க முடிவு.

சலுகை வட்டியில் பணியாளருக்குக் கடன் கொடுக்கும் நிறுவனங்களில், குறிப்பாக வங்கிகளில், வேலை செய்வோருக்கு மேலதிகச் சிக்கல் ஒன்றுண்டு. ராஜினாமா செய்த நாளிலிருந்து அக்கடன் வழமையான சந்தை வட்டிக்கு மாறும் அல்லது முழுவதும் ஒரேயடியாகக் கட்டப்பட வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருப்பது வழக்கம். கூடுதல் சம்பளத்துக்கு இன்னொரு இடத்துக்குப் போகிறவர் அந்தக் கூடுதலில் எவ்வளவு வட்டி வித்தியாசத்துக்குப் போகும் என்று கணக்கிடாமல் போவதுண்டு. 10 இலட்சம் ரூபாயை ஐந்து வருடத்தில் 12 சதவீத வட்டியோடு கட்டினால் மாதத் தவணை 22,244 ரூபாய். 24 சதவீதமானால் 28,768 ரூபாய். பின்னையதில் முதல் மாதத் தவணையில் 20,000 ரூபாய் வட்டிக்கே போய், முதலில் குறைவது 8,768 ரூபாய் மட்டுமே. மூன்று மாதம் எதுவும் கட்டாமல் வட்டி முதலோடு சேர விட்டால் கடன் 10,61,208 ரூபாயாகிறது. அதாவது ஏறத்தாழ ஏழு மாதத் தவணைகள் குறைத்த முதலை மூன்று மாத மௌனம் திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறது.

வட்டி சொல்லப்படும் முறையும் கவனத்துக்குரியது. மீதியாக உள்ள முதலுக்கு மட்டும் கணிக்கப்படுவது குறைந்துசெல்லும் மீதி வட்டி. தொடக்கத் தொகைக்கே இறுதிவரை கணிக்கப்படுவது நிலையான வட்டி. வாகனக் குத்தகைகளில், அதாவது எல்லோரும் லீசிங் என்று அழைப்பதில், 12 சதவீத நிலையான வட்டி என்று சொல்லப்படும் ஐந்து வருடக் கடன், குறைந்துசெல்லும் மீதி முறையில் ஏறக்குறைய 20 சதவீதத்துக்குச் சமம். முச்சக்கர வண்டி ஓட்டிக் கடனைக் கட்டலாம் என்று வேலையிழந்த காலத்தில் லீசிங்கில் இறங்குபவர்கள் இந்த வேறுபாட்டை விற்பனை முகவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. முகவரும் கேட்காததைச் சொல்வதில்லை.

வேலை விட்டுச் செல்லும்போது கையில் வரக்கூடிய பணங்கள் மூன்று. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறையாத ஊழியர் உள்ள இடத்தில் ஐந்து வருட சேவையை முடித்தவருக்கு, சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தின் அரை மாதத் தொகை கிடைக்க வேண்டும்; 1,20,000 ரூபாய் சம்பளத்தில் 12 வருடம் இருந்தவருக்கு அது 7,20,000 ரூபாய். வேலை முடிந்து 30 நாளுக்குள் அது செலுத்தப்பட வேண்டும். 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குத் தொழில்தருநர் மாதந்தோறும் செலுத்தும் 3 சதவீதத்தை, வேலை மாறும்போது வயது பாராமல் எடுக்கலாம். ஆனால் அடுத்த முறை எடுக்க ஐந்து வருட இடைவெளி வேண்டும். ஊழியர் சேமலாப நிதியம் வேறு விதமானது: ஊழியரின் 8 சதவீதமும் தொழில்தருநரின் 12 சதவீதமும் சேரும் அது சாதாரணமாக ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலுமே திறக்கும். வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ, குறிப்பிட்ட நிபந்தனைகளோடு, 30 சதவீதம்வரை முன்னரே பெற 2012இல் வழி செய்யப்பட்டது. வேலையில்லாக் காலத்துக்கென்று அரசாங்கக் காப்புறுதி இலங்கையில் இல்லை. இந்தியாவில்கூட ஊழியர் அரசுக் காப்புறுதியின் கீழ் 2018இல் தொடங்கிய ஒரு திட்டம், தகுதியுள்ள தொழிலாளிக்கு வேலையிழந்த காலத்தில் சிறிதளவு கூலியைக் குறுகிய காலத்துக்கு வழங்குகிறது.

இப்பணத்தால் எந்தக் கடனைத் தீர்ப்பது என்பதில் பழைய பழக்கமும் கணக்கும் எதிரெதிரே நிற்கின்றன. வீட்டுக் கடன் மானப் பிரச்சினையாகத் தோன்றுவதால் பணிக்கொடையைக் கொண்டுபோய் அதிலே போடுபவர்கள் அநேகர். அதே வேளை கடனட்டையின் நிலுவை கிடக்கும். 2022 ஏப்ரலில் உச்சவரம்பு நீக்கப்பட்டபின் கடனட்டை வட்டி 36 சதவீதம்வரை ஏறியது. 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி மீண்டும் உச்சவரம்பு விதித்தபோது அது கடனட்டைக்கு 28 சதவீதமாகவும் அடகுக்கு 18 சதவீதமாகவும் இருந்தது. 36 சதவீதத்தில் 3 இலட்சம் ரூபாய் நிலுவைக்கு மாத வட்டியே 9,000 ரூபாய். குறைந்தபட்சக் கட்டணமாக 15,000 ரூபாய் கட்டினாலும் கடன் 6,000 ரூபாயால்தான் குறையும். எனவே முதலில் கடனட்டை, பிறகு தனிநபர் கடன், கடைசியாக வீட்டுக் கடன் என்ற வரிசையே பொதுவாகப் பொருந்தும். ஆனால் வேலை இன்னும் உறுதியாகாதவர் கையில் உள்ள எல்லாவற்றையும் கடனில் போட்டுவிடக் கூடாது. நான்கைந்து தவணைக்குரிய காசு கையில் இருந்தால் 90 நாள் எல்லை எட்டாது. வேலையில்லாதவருக்குப் புதுக் கடன் எவரும் கொடுக்கமாட்டார் என்பதால், அப்போது கையிலிருக்கும் ஒரு ரூபாய், கடனில் கட்டிய ஒரு ரூபாயைவிட மதிப்புடையது.

நகை அடகு வைப்பதைத் தாழ்வாகவும் கடனட்டையைப் பெருமையாகவும் எண்ணும் வெள்ளவத்தை மனப்பான்மையை இங்கே சற்றுக் கேள்விக்குள்ளாக்கலாம். 2023இன் உச்சவரம்பு இருந்த காலத்தில் வங்கிக் கிளையில் வைத்த சங்கிலி, பணப்பையிலிருந்த அட்டையைவிட 10 சதவீதப் புள்ளிகள் மலிவான பணத்தைத் தந்தது. அதில் பிணையாளி இல்லை, சம்பளச் சிட்டை இல்லை, வேலை மாற்றம் ஒரு பொருட்டே இல்லை. மீட்கத் தவறினால் போவது நகை மட்டும். தங்கத்தின் விலை ஏறிக்கொண்டிருந்தால் தவணைக்குள் மீட்பவருக்கு நட்டமும் குறைவு. உறவினரும் அயலவரும் கூடிப் பிடிக்கும் சீட்டும் இதே போல் இடைவெளியைக் கடக்க உதவுவதுண்டு. ஆனால் சீட்டுத் தலைவி கைவிரித்தால் நீதிமன்றத்தில் நிரூபிக்க ஒரு கொப்பிப் பக்கம்கூட மிஞ்சாது. இவை எல்லாவற்றிலும் தவிர்க்க வேண்டியது, நாளுக்கு நாள் ஓடும் 'மீற்றர் வட்டி'. அதிக வட்டி வாங்கப்பட்ட கொடுக்கல் வாங்கலை மீளத் திறந்து பார்க்கும் அதிகாரத்தை 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன்கொடுத்தல் கட்டளைச்சட்டம் நீதிமன்றத்துக்குத் தருகிறது என்பது, கையெழுத்திட்ட வெற்றுச் சீட்டைக் கொடுத்துவிட்டு அஞ்சி வாழும் பலருக்குத் தெரிவதில்லை.

வேலை போவது முன்கூட்டியே தெரிந்தால் மீளட்டவணை, அதாவது தவணைத் தொகையையும் காலத்தையும் புதிதாக அமைத்தல், கேட்க வேண்டிய நேரம் கடைசிச் சம்பளம் வருமுன். அப்போது விண்ணப்பிப்பவர் ஒழுங்காகக் கட்டுபவர். மூன்று மாதம் கழித்து அதே மனிதர் தவணை தவறியவர். 2020 மார்ச்சில் கொவிட் காரணமாக மத்திய வங்கி அறிவித்த சலுகைக் காலம் பலருக்கு ஒரு பாடம் புகட்டியது: தவணை நிற்கலாம், வட்டி நிற்பதில்லை. ஆகவே சலுகைக் காலத்தின் வட்டி எவ்வீதத்தில், எப்போது, முதலோடு சேருமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவது அவசியம். வங்கி மறுத்தால் முறையிட மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களமும் நிதியியல் குறைகேள் அதிகாரியும் உண்டு. திணைக்களத்தின் 1935 என்ற தொலைபேசி இலக்கம் பல கிளைகளின் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும், கடன் பிரிவின் மேசையிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில்.

அவ்வழிகளிலும் தீராத கடன்கள் வந்து சேரும் புதுக்கடையின் ஆங்கிலப் பெயரில் இருப்பவர், 1656இல் போர்த்துக்கீசரிடமிருந்து கொழும்பைப் பிடிக்க நடந்த முற்றுகையில் இறந்த டச்சுத் தளபதி ஹுல்ப்ட். இன்று அங்கே மாவட்ட நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் சட்டக் கல்லூரியும் நெருங்கி நிற்கின்றன. பகலில் சட்டத்தரணிகளும் தட்டச்சு செய்வோரும் நிறைந்த தெருக்களில், மாலையானதும் கொத்துரொட்டிச் சத்தம் எழுகிறது. தனிநபர் கடன் வழக்குகள் இங்கு பெரும்பாலும் 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. சாதாரண வழக்கில் எதிராளி மறுமொழி அணைப்பது அவருடைய உரிமை. இச்சட்டத்தில் நிலைமை தலைகீழ்: வங்கியின் முறைப்பாட்டையும் சத்தியக்கடதாசியையும் பார்த்து நீதிமன்றம் முதலிலேயே ஒரு நிபந்தனைத் தீர்ப்பாணையை வழங்கிவிடுகிறது, அது ஏன் இறுதியாக்கப்படக் கூடாது என்று காட்ட விரும்பும் கடனாளி, முன்னிலையாகி எதிர்வாதம் செய்யவே அனுமதி கேட்க வேண்டும். தொகையைக் கட்டியோ போதிய பிணை கொடுத்தோ, விசாரிக்கத்தக்க உண்மையான வினா ஒன்று உண்டென்று சத்தியக்கடதாசியால் திருப்திப்படுத்தியோதான் அந்த அனுமதி கிடைக்கும். வேலையில்லை என்பது துயரமான உண்மை. ஆனால் சட்டத்தின் பார்வையில் அது எதிர்வாதம் ஆகாது. இதை அறியாமல், 'நீதவானிடம் நிலைமையைச் சொல்லலாம்' என்று எண்ணித் திகதி தவறவிடுபவருக்குத் தீர்ப்பாணை இறுதியாகிவிடுகிறது.

வீட்டை ஈடு வைத்தவருக்கு நீதிமன்றத்தைக்கூடக் காணாமலே சொத்துப் போகலாம். 1990இன் 4ஆம் இலக்கச் சட்டம் தரும் பராட்டே அதிகாரத்தின்படி, வங்கியின் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தாலேயே ஈட்டுச் சொத்து ஏலத்துக்கு வரலாம். 2011இன் திருத்தம் 50 இலட்சம் ரூபாய்க்குக் குறைந்த முதலுக்கு இதைத் தடுத்தது. 2022இன் நெருக்கடியில் அடிபட்ட வியாபாரிகளின் கோரிக்கையால் 2024இல் இவ்வதிகாரம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டு, அந்நிறுத்தம் 2025 மார்ச் இறுதிவரை நீடித்தது. சிறு தொகைப் பிணக்குகளுக்கு 1988இல் அமைக்கப்பட்ட மத்தியஸ்த சபைகள் வேறு பாதை. அங்கே சட்டத்தரணிகள் ஆஜராக முடியாது, இரு தரப்பும் நேருக்கு நேர் பேசித் தவணை பொருந்திக்கொள்கின்றன. காலாவதிக் கட்டளைச்சட்டம் 1871ஆம் ஆண்டினது: எழுத்திலுள்ள கடனுக்கு ஆறு வருடம், எழுத்தில்லாததற்கு மூன்று, ஈட்டுக்குப் பத்து. அந்தக் காலம் முடியும் தறுவாயில் 'ஒரு ஆயிரம் ரூபாயாவது போடுங்கள்' என்று கேட்கப்படுவதன் நோக்கம், அந்தச் சிறு கட்டணம் கடனை ஒப்புக்கொண்டதாகிக் காலத்தை முதலிலிருந்து ஓடச் செய்யும் என்பதே.

கட்ட முடியாத கடனிலிருந்து சட்டப்படி விடுபடும் வாயில் இலங்கையில் ஒன்றேயுண்டு. அது 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வங்குரோத்துக் கட்டளைச்சட்டம். கடனாளி மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து, சொத்தை ஒப்படைத்து, விசாரணைக்குப்பின் விடுவிப்புச் சான்றிதழ் பெறலாம். அச்சட்டம் நீராவிக் கப்பல் காலத்து வணிகனை மனத்தில் கொண்டு, சான்றிதழ்களையே தரம் பிரித்து, அவனுடைய நடத்தையை மதிப்பிட்டது. மாதச் சம்பளக்காரர் அதை நாடுவது மிக அரிது. வெள்ளவத்தைக் குடும்பங்களின் உறவினர் பலர் வாழும் இங்கிலாந்தில், 2004 முதல் வங்குரோத்து அடைந்தவர் சாதாரணமாக ஒரு வருடத்தில் விடுபடுகிறார். 2021 மே முதல், ஆலோசகர் ஒருவரை நாடிய கடனாளிக்கு 60 நாள் வட்டியும் வசூலும் நிறுத்தப்படும் மூச்சுவிடும் காலமும் உண்டு. இங்கே 2022இல் அரசு தன் கடனுக்குத் தானே எடுத்துக்கொண்ட இடைநிறுத்தத்தைக் குடிமகனுக்குத் தரும் சட்டம் எதுவும் வரவில்லை. வேலையிழந்ததை நிரூபிப்பவருக்கு ஒரு முறை, மூன்று மாதம், வட்டி முதலோடு சேராத இடைவெளி தரப்பட்டால் புதுக்கடையின் வழக்குப் பட்டியல் கணிசமாகக் குறையும் என்று கருத இடமுண்டு. அதன் செலவு, ஒரு வழக்கை ஐந்து வருடம் இழுப்பதைவிடப் பெரிதாக இருக்காது.

கடன் கடைசித் தவணையோடு முடிந்துவிடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முழுவதும் தீர்ந்தது என்ற கடிதத்தை வங்கியிடமிருந்து பெறுவது, பிணைமுறியைத் திருப்பி வாங்கி அல்லது இரத்துச் செய்வித்துப் பிணை நின்றவர்களிடம் ஒப்படைப்பது, ஈட்டு விடுவிப்பை நொத்தாரிசு மூலம் எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிவது, சில மாதம் கழித்துக் கிறிப் அறிக்கையில் நிலுவை பூச்சியமாகிவிட்டதா என்று பார்ப்பது ஆகியவை மிச்சமிருக்கும். வேலை இரண்டு முறை மாறி, முகவரியும் ஒரு முறை மாறியவர்களின் விடயத்தில், வங்கி அனுப்பிய விடுவிப்புக் கடிதம் பழைய காரியாலயத்தின் வரவேற்பு மேசைக்குப் போய்ச் சேர்ந்திருப்பதும் உண்டு. ஆகவே அதைக் கிளைக்கு நேரில் சென்று கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்வதே பாதுகாப்பு.